மஞ்சள் எங்க இருக்கு?

போன ஞாயித்துக்கிழமை என் மக பரண்ல கிடந்த ஒரு பழைய சிடி டப்பாவைக் கண்டுபிடிச்சுட்டா. சிடி போட்டுப் பார்க்க வீட்டுல எந்தக் கம்ப்யூட்டர்லயும் டிரைவ் கிடையாது. பக்கத்து வீட்டு அங்கிள்கிட்ட ஒண்ணு கடன் வாங்கிட்டு வந்து சொருகினா. உள்ளே 'பாப்பா 2007'னு ஒரு போல்டர். அதுல அவ பொறந்த அஞ்சு நாளுக்குள்ள எடுத்த படங்கள். ஒண்ணுல மஞ்சளா இருக்கா. அதே படம் இன்னொரு தடவை, ரோஜாப்பூ மாதிரி இருக்கா. மூணாவதுல தலை முதல் கால் வரைக்கும் ஊதா மை ஊத்தின மாதிரி நீலம்.

"அப்பா, மூணும் நான்தானா? இதுல எதுப்பா என் ஒரிஜினல் கலர்?"

விளையாட்டாத்தான் கேட்டா. சிரிச்சுட்டுப் போயிருக்கலாம். எனக்குத்தான் வயித்துக்குள்ள ஏதோ பிசைஞ்சுது. இத்தனை வருஷமா யார்கிட்டயும் முழுசா சொல்லாத கதை இது. கொசுவத்தியைச் சுத்துறேன், கொஞ்சம் பொறுத்துக்கோங்க மக்களே. நடுநடுவுல போட்டோ பாடமும் வரும். எனக்கு அந்த ரெண்டையும் பிரிச்சுச் சொல்லத் தெரியல.

2007ல நான் பெங்களூர்ல ஆணி புடுங்கிட்டு இருந்தேன். தலைப்பிரசவம், வழக்கப்படி தங்கமணி அவங்க அம்மா வீட்டுல. தென்காசிப் பக்கம் ஒரு ஊர். குழந்தை 37 வாரத்துலேயே, அதாவது கொஞ்சம் முன்னாடியே பொறந்துட்டா. எனக்கு லீவு கிடைச்சு, பஸ் பிடிச்சு ஊர் போய்ச் சேர்ந்தப்போ நாலாம் நாள். ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு வந்தாச்சு. என் கையில அந்த மாசச் சம்பளத்துல பாதியை முழுங்கின புது டிஜிட்டல் கேமரா. 6 மெகாபிக்ஸல், ரெண்டு பென்சில் பேட்டரி. பஸ்ஸுல வரும்போதே மேனுவலை மூணு தடவை படிச்சு முடிச்சிருந்தேன். நம்ம திறமை மேல நமக்கு அப்படி ஒரு நம்பிக்கை :-)

புள்ளையும் தாயும் இருந்தது பழைய வீட்டோட உள் அறை. ஜன்னல் சாத்தியே இருக்கும். காத்து படக்கூடாதாம். கதகதப்புக்கு ஒரு குண்டு பல்பு ராத்திரி பகலா எரியும். சுவருக்கு மஞ்சள் டிஸ்டம்பர். தொட்டில் கட்டியிருந்தது தங்கமணியோட ஆச்சியின் பழைய நூல் சேலை, அதுவும் மஞ்சள்.

முதல் படத்தை எடுத்துட்டு கேமராவோட குட்டித் திரையில பார்த்தேன். மஞ்சள்னா மஞ்சள், அப்படியொரு மஞ்சள். மாம்பழத்துக்குக் கண்ணும் மூக்கும் வச்ச மாதிரி.

அங்க ஆரம்பிச்சுது என் துப்பறியும் வேலை. போட்டோவுல வேண்டாத நிறம் ஏறினா ஒவ்வொரு சந்தேக ஆசாமியா விசாரிச்சு விடணும். மேனுவல்ல அப்படித்தான் படிச்சிருந்தேன். விசாரிச்சேன்.

முதல் ஆசாமி: பல்பு. நம்ம கண்ணுக்கு வெளிச்சம்னா வெளிச்சம், அவ்வளவுதான். ஆனா ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் ஒரு நிறம் உண்டு. அதைக் கெல்வின் கணக்குல சொல்றாங்க. மெழுகுவர்த்தி கிட்டத்தட்ட 1900, குண்டு பல்பு 2700 - 2800, உச்சி வெயில் சுமார் 5500, வெயில் படாத வெட்டவெளி நிழல் 7000 - 8000. எண் ஏற ஏற நீலம் கூடும், இறங்க இறங்க மஞ்சளும் சிவப்பும் கூடும். வெள்ளை வேட்டியை பல்புக்குக் கீழ வச்சாலும் வெயில்ல வச்சாலும் நமக்கு வெள்ளையாத்தான் தெரியும். மூளை உள்ளுக்குள்ளேயே கணக்குப் போட்டுச் சரி பண்ணிடுது. கேமராவுக்கு அந்த மூளை கிடையாது. அதனால 'ஒயிட் பேலன்ஸ்'னு ஒரு வேலை பண்ணுது: இந்த வெளிச்சத்துல நீலம் கம்மியா, அப்போ நீலத்தைப் பெருக்கு; சிவப்பு ஜாஸ்தியா, அதைக் குறை.

ஆட்டோவுல விட்டா கேமரா அதைக் குத்துமதிப்பாத்தான் பண்ணும். அது போடுற கணக்குல ஒண்ணு இப்படி: ஒரு படத்துல இருக்குற எல்லா நிறத்தையும் கலக்கினா சராசரியா சாம்பல் வரணும். சாதாரணக் காட்சிக்கு இது ஓரளவு சரியா வரும். மஞ்சள் சுவர், மஞ்சள் சேலைன்னு படம் முழுக்க ஒரே நிறம்னா கணக்கு குழம்பிடும். போதாததுக்கு அந்தக் காலத்துக் கேமராக்களோட ஆட்டோவுக்கு 3000 கெல்வினுக்குக் கீழ போனாலே மூச்சு வாங்கும். நான் ஆட்டோவை விட்டுட்டு பல்பு படம் போட்ட அமைப்புக்கு மாத்தினேன். முக்கால்வாசி மஞ்சள் போயிடுச்சு. காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன்.

ரெண்டாவது ஆசாமி: சுவரும் சேலையும். வெளிச்சம் நேரா மட்டும் வராது, பக்கத்துல இருக்குறதுல பட்டுத் தெறிச்சும் வரும். கல்யாணத்துல சிவப்பு ஷாமியானாவுக்குக் கீழ எடுத்த படத்துல எல்லார் முகமும் தக்காளியா இருக்குமே, அதேதான். புல்வெளியில உட்கார வச்சு எடுத்தா தாடைக்குக் கீழ பச்சை ஏறும். இதுக்கு கேமராவுல பட்டன் கிடையாது, ஆளை நகர்த்தணும். புள்ளையைத் தொட்டில்ல இருந்து எடுத்து, கட்டில்ல வெள்ளை வேட்டியை விரிச்சு, அது மேல படுக்க வச்சோம். சுவரை விட்டு ஒரு நாலடி தள்ளி.

மூணாவது ஆசாமி: இன்னொரு வெளிச்சம். கூடத்துல எரிஞ்ச டியூப் லைட் கதவு வழியா உள்ள விழுந்துட்டு இருந்தது. டியூப் லைட்டுக்குப் பச்சை சாயல். ஒரு பக்கம் மஞ்சள், ஒரு பக்கம் பச்சைன்னு ரெண்டு வெளிச்சம் கலந்தா எந்த ஒயிட் பேலன்ஸும் ரெண்டையும் சேர்த்துச் சரி பண்ணாது. ஒண்ணைச் சரி பண்ணினா இன்னொண்ணு கெடும். கையில இருக்குற ஒரே வழி, ஒண்ணை அணைக்குறது. இன்னொரு கூத்தும் இருக்கு. நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் வச்ச டியூப் லைட் ஒரு நொடிக்கு 100 தடவை கூடிக் குறையும், அதோட நிறமும் லேசா மாறும். ஷட்டரை ரொம்ப வேகமா வச்சா அடுத்தடுத்த படமே வேற வேற நிறத்துல வரும். 1/50, 1/100ல வச்சா அந்தத் தொல்லை அடங்கும். நான் கதவைச் சாத்தினேன்.

நாலாவது ஆசாமி: பார்க்குற திரை. மச்சானோட கம்ப்யூட்டர்ல படத்தை ஏத்தினேன். டப்பா மாதிரி பழைய மானிட்டர், அதுக்குன்னு ஒரு ரோஸ் சாயல். அதுல தெரிஞ்சதை நம்பாம கேமராத் திரையையும் பக்கத்துல வச்சு ஒப்பிட்டுப் பார்த்தேன். ரெண்டுலயும் புள்ளை முகத்துல இன்னும் கொஞ்சம் மஞ்சள் மிச்சம் இருந்தது.

நாலு ஆசாமியையும் விசாரிச்சாச்சு. இன்னும் மஞ்சள் இருக்கு. இந்த இடத்துல ஒரு நல்ல துப்பறிவாளன் என்ன செஞ்சிருக்கணும்? அஞ்சாவது ஆசாமி யாருன்னு யோசிச்சிருக்கணும். நான் யோசிக்கல. படத்தைத் 'திருத்த' உட்கார்ந்தேன்.

அப்போ பிகாசான்னு கூகுளோட ஒரு மென்பொருள் இருந்தது. 2016ல அதுக்கு மூடுவிழா நடத்திட்டாங்க. அதுல ஒரு சொட்டுக்குழாய் மாதிரி கருவி உண்டு. படத்துல எது வெள்ளையா, சாம்பலா இருக்கணுமோ அங்க கொண்டு போய் ஒரு அழுத்து. அந்த இடத்தை நிறமில்லாம ஆக்கி, அதுக்கேத்த மாதிரி மொத்தப் படத்தையும் மாத்திடும். பிரமாதமான கருவி. ஆனா எங்க அழுத்துறோம்ங்கிறதுலதான் எல்லாமே இருக்கு.

ஒரே ஒரு படத்துல பாப்பா கண்ணை நல்லா முழிச்சிருந்தா. பெரிசு பண்ணினேன். கண்ணோட வெள்ளை விழி தெரிஞ்சுது. வெள்ளை விழியை விட வெள்ளை எது? அதுல அழுத்தினேன்.

ஒரு நொடி. மஞ்சள் மொத்தமும் காணாமப் போச்சு. விளம்பரத்துல வர்ற பாப்பா மாதிரி ரோஸ் கன்னம், ரோஸ் உதடு. கீழ விரிச்சிருந்த வேட்டி மட்டும் லேசா நீலம் அடிச்சுது. 'மாமியார் வீட்டுல சொட்டு நீலம் கொஞ்சம் தூக்கலாப் போட்டுட்டாங்க போல'ன்னு நினைச்சு அதை விட்டுட்டேன்.

இதை எழுதும்போது என்னை நானே ரெண்டு அறை விடணும்னு தோணுது. வேட்டி கத்திச் சொல்லிட்டு இருந்திருக்கு: 'யப்பா, நான் வெள்ளை. நீ வெள்ளைன்னு நினைச்சு அழுத்தினது வெள்ளை இல்ல'ன்னு.

படத்தைக் காட்ட எல்லாரையும் கூப்பிட்டேன். மாமா "அடேயப்பா, மாப்ள எடுத்த படம் ஸ்டூடியோ கணக்கால்லா இருக்கு"ன்னார். ஆச்சிக்கு அப்போ எண்பதைத் தாண்டின வயசு. கண்ணாடியை ஏத்தி விட்டுட்டு ரொம்ப நேரம் பார்த்தாங்க. அப்புறம் மெதுவா, "பிள்ள மஞ்சளால்லா கெடக்கு மாப்பிள்ள"ன்னாங்க.

"இல்ல ஆச்சி, அது பல்பு வெளிச்சம். இங்க பாருங்க, நான் எடுத்துட்டேன்."

"படத்துல எடுத்து என்ன செய்ய? பிள்ளைட்ட இருந்துல்லா போணும்?"

எல்லாரும் சிரிச்சோம். நான்தான் அதிகமாச் சிரிச்சேன். ஒரு கிழவிக்கு கெல்வின் கணக்கு புரியுமான்னு ஒரு இளக்காரம். தங்கமணி மட்டும் சிரிக்கல. "ரெண்டு வேளையா சரியாப் பால் குடிக்க மாட்டேங்கா, எழுப்ப எழுப்பத் தூங்குதா"ன்னா. பொறந்த புள்ளை தூங்காம என்ன செய்யும்னு அதையும் தட்டி விட்டுட்டுப் படுத்தேன்.

விடியக்காலை ஆறரை இருக்கும். ஆச்சி என்னை எழுப்பினாங்க. "அந்தப் படப்பெட்டிய எடுத்துட்டு முத்தத்துக்கு வாங்க." போனேன். காத்து படக்கூடாதுன்னு ஜன்னலைச் சாத்தி வச்ச அதே ஆச்சி, புள்ளையை வெட்டவெளி முற்றத்துல, வெள்ளை வேட்டியில போட்டு மடியில வச்சிருந்தாங்க. சுண்டு விரலால பாப்பாவோட மூக்கு நுனியை லேசா அழுத்தி எடுத்தாங்க. ரத்தம் விலகின அந்த இடம் ஒரு கணம் வெளுத்துத் தெரியணும். மஞ்சளாத் தெரிஞ்சுது.

"இப்ப எடுங்க படம்."

எடுத்தேன். பல்பு இல்ல, மஞ்சச் சுவர் இல்ல, டியூப் லைட் இல்ல. வேட்டி வெள்ளையா இருந்தது. அதே படத்துல, அதே வெளிச்சத்துல, வேட்டிக்கு மேல என் மக மஞ்சளா இருந்தா. முகம், நெஞ்சு, வயிறு வரைக்கும். கண்ணோட வெள்ளையும் மஞ்சள்.

ராத்திரி நான் சொட்டுக்குழாயை வச்சு அழுத்தின அதே கண்ணு. மஞ்சள்காமாலை வந்தா முதல்ல காட்டிக் கொடுக்குற இடங்கள்ல அதுவும் ஒண்ணு. அதையே 'இதுதான் வெள்ளை'ன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுத்து, நோய்க்கான அடையாளத்தை மட்டும் துல்லியமாத் துடைச்சு எடுத்திருக்கேன். மெனக்கெட்டுச் செஞ்சிருந்தாக் கூட அவ்வளவு கச்சிதமா வந்திருக்காது. கால் தரையில நிக்கல எனக்கு.

வாடகைக் கார் பிடிச்சு திருநெல்வேலிக்கு ஓடினோம். ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். ஆலங்குளம் தாண்டுற வரைக்கும் கார்ல யாரும் பேசல. ரத்தம் எடுத்தாங்க. பிலிருபின் 18.4. அந்த வயசுக்கு, அதுவும் 37 வாரத்துல பொறந்த புள்ளைக்கு, விட்டு வைக்கக்கூடாத அளவுன்னு உடனே சேர்த்துக்கிட்டாங்க. டாக்டரம்மா பொறுமையாச் சொன்னாங்க: பொறந்த குழந்தைகள்ல பாதிக்கு மேல இந்த மஞ்சள் வரும், பெரும்பாலும் தானாப் போயிடும். மூணாம் நாள்ல இருந்து அஞ்சாம் நாள் வரை உச்சத்துல இருக்கும். தலையில ஆரம்பிச்சுக் கால் பக்கமா இறங்கும். ஆனா அளவு மீறிப் போச்சுன்னா பிலிருபின் மூளைக்குள்ள போய் நிரந்தரமா பாதிச்சுடும், காது கேட்காமக் கூடப் போகலாம். புள்ளை பால் குடிக்காம சுருண்டு சுருண்டு தூங்குறதே ஒரு எச்சரிக்கை. அப்புறம் ஒரு கேள்வி கேட்டாங்க:

"வீட்டுல எந்த வெளிச்சத்துல வச்சுப் பார்த்தீங்க?"

"குண்டு பல்புல மேடம்."

"மஞ்ச வெளிச்சத்துல மஞ்சள் தெரியாது சார். பகல் வெளிச்சத்துல பார்க்கணும்."

மேனுவலை மூணு தடவை படிச்ச எனக்கு அவங்க எடுத்த போட்டோ வகுப்பு அது.

பாப்பாவைக் கண்ணைக் கட்டி, நீல டியூப் லைட்டுகளுக்குக் கீழ படுக்க வச்சாங்க. ரெண்டு ராத்திரி. அந்த மூணாவது படம் அங்க எடுத்ததுதான். கேட்டுட்டு, பிளாஷ் போடாம எடுத்தேன். அதை இன்னிக்கு வரைக்கும் எந்த மென்பொருளாலயும் சரி பண்ண முடியல, முடியவும் முடியாது. குழம்புல உப்பு கூடினாத் தண்ணி ஊத்தலாம், உருளைக்கிழங்கு வெட்டிப் போடலாம். பாத்திரத்துல வெறும் உப்பு மட்டுமே இருந்தா? அந்த வெளிச்சத்துல நீலத்தைத் தவிர பெரிசா வேற எதுவும் கிடையாது. இல்லாத சிவப்பைப் பெருக்கினாலும் இல்லாததுதான் வரும். கறுப்பு வெள்ளையா மாத்தி வச்சுக்கலாம், அவ்வளவுதான்.

அந்த அறையில ரெண்டு விஷயம் கவனிச்சேன். ஒண்ணு, நர்ஸம்மா ஒவ்வொரு தடவையும் புள்ளையோட நிறத்தைப் பார்க்கணும்னா நீல விளக்கை அணைச்சுட்டுத்தான் பார்ப்பாங்க. ரெண்டு, நான் கொஞ்ச நேரம் உள்ள இருந்துட்டு வராந்தாவுக்கு வந்தா உலகமே மஞ்சளாத் தெரியும். சுவர், நாற்காலி, தங்கமணி முகம், எல்லாம். முதல் தடவை பதறிப் போய் 'உனக்குமா'ன்னு கேட்டுட்டேன். ஒரு நிமிஷத்துல சரியாயிடுச்சு. என் கண்ணும் ஒரு ஆட்டோ ஒயிட் பேலன்ஸ்தான். அதுவும் ஏமாறும்.

ஏன் நீலம்? டாக்டரம்மாகிட்ட கேட்டேன். சொன்னதைக் கேட்டு அசந்து போனேன். பிலிருபின் ஏன் மஞ்சளாத் தெரியுது? வெளிச்சத்துல இருக்குற நீலத்தை அது உறிஞ்சிக்குது, மிச்சம் நம்ம கண்ணுக்கு மஞ்சளாத் தெரியுது. அப்படி உறிஞ்சின நீல வெளிச்சமே அந்த மூலக்கூறோட வடிவத்தை மாத்தி, தண்ணியில கரையுற மாதிரி ஆக்கி, உடம்பை விட்டு வெளியேத்திடுது. 460 நானோமீட்டர் பக்கத்து நீலம் நல்லா வேலை செய்யும். அதாவது, மஞ்சளைப் போக்க நீலத்தைக் கூட்டு. நான் பிகாசாவுல செஞ்சதும் அதேதான், மச்சான் வீட்டு வேட்டிக்கு சொட்டு நீலம் போடுறதும் அதேதான். அவங்க புள்ளைக்குச் செஞ்சாங்க. நான் படத்துக்குச் செஞ்சேன். ஆச்சி சொன்னதும் இதைத்தானே?

இந்த வைத்தியம் வந்த கதையை அப்புறமாத் தேடிப் படிச்சேன். 1956, இங்கிலாந்துல எஸ்ஸெக்ஸ் பக்கம் ராச்ஃபோர்டு மருத்துவமனை. வார்டுன்னு ஒரு செவிலியர், குறைமாசக் குழந்தைகளை வெயில் நேரத்துல முற்றத்துக்குக் கொண்டு போய்க் காட்டுவாங்களாம். ஒரு நாள் டாக்டர்கள்கிட்ட ஒரு குழந்தையைக் காட்டினாங்க. உடம்பெல்லாம் வெளுத்திருக்க, ஒரு முக்கோண இடம் மட்டும் பளிச்சுன்னு மஞ்சள். அங்க ஏதோ மருந்து தடவியிருக்காங்கன்னு டாக்டர் முதல்ல நினைச்சாராம். பார்த்தா, அது விரிப்போட மூலை மூடியிருந்த இடம். வெயில் பட்ட இடத்துல மஞ்சள் போயிருக்கு, படாத இடத்துல அப்படியே இருக்கு. அங்க இருந்து ஆரம்பிச்சு, 1958ல கிரெமரும் கூட இருந்தவங்களும் 'லான்செட்' இதழ்ல கட்டுரையாப் போட்டாங்க. முற்றம், வெளிச்சம், பக்கத்துல ஒப்பிட ஒரு துணி. எங்க ஆச்சி கிட்ட இருந்ததும் அந்த மூணும்தான். (அதுக்காக யாரும் வெயில்ல காட்டினாப் போதும்னு வீட்டுல உட்கார்ந்துடாதீங்க. ரத்தம் பார்த்து டாக்டர் சொல்றதுதான் வைத்தியம்.)

மூணாம் நாள் பிலிருபின் இறங்கிடுச்சு, வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. காது பரிசோதனையும் பண்ணினோம், பிரச்சனை ஒண்ணுமில்ல. இப்போ அவளுக்கு நல்லாவே காது கேக்கும், நான் சொல்றதைத் தவிர :-)

இப்போ வர்றவங்களுக்கு உதவுமேன்னு, படத்துல வேண்டாத நிறம் வந்தா நான் பார்க்குற வரிசையைப் போட்டுடுறேன்:

1. முதல்ல திரை. போன்ல 'கண்ணுக்கு இதம்'னு ராத்திரி மோடு ஒண்ணு இருக்கும், அது ஓடிட்டு இருந்தா எல்லாப் படமும் மஞ்சள்தான். அதை அணைச்சுட்டுப் பாருங்க.

2. எத்தனை வெளிச்சம்? ஜன்னல் வெளிச்சமும் பல்பும் கலந்திருந்தா ஒண்ணை மூடுங்க, இல்ல அணைங்க.

3. சுத்தி என்ன நிறம்? சுவர், திரைச்சீலை, பந்தல், நீங்க போட்டிருக்குற சட்டை கூட.

4. ஆட்டோவை விட்டு அந்த வெளிச்சத்துக்குரிய அமைப்புக்கு மாத்துங்க. முடிஞ்சா 'ரா' கோப்பா எடுங்க. அதுல ஒயிட் பேலன்ஸை அப்புறம் கூட சேதாரமில்லாம மாத்தலாம். ஜேபெக்ல முடிவை கேமராவே எடுத்து முத்திரை குத்திடும், அப்புறம் ஓரளவுக்குத்தான் மீட்க முடியும்.

5. மலிவான எல்.ஈ.டி விளக்குகள் சிலதுல சிவப்பே கம்மி. முகம் செத்த மாதிரி வரும். அதை மென்பொருள்ல முழுசா மீட்க முடியாது. விளக்கை மாத்துறதுதான் வழி.

6. படத்துக்குள்ள நடுநிலையான ஒரு பொருள் இருக்கணும். சாம்பல் அட்டை உத்தமம். அச்சடிக்குற வெள்ளைத் தாள்ல பளபளப்புக்குன்னு ஒரு ரசாயனம் சேர்த்திருப்பாங்க, பகல் வெளிச்சத்துல லேசா நீலம் அடிக்கும். சொட்டு நீலம் போட்ட வேட்டியும் அப்படித்தான். அவசரத்துக்கு உதவும். ஆனா உயிருள்ள எதையும் 'இது வெள்ளை'ன்னு நீங்களா முடிவு பண்ணி அழுத்தாதீங்க.

7. இவ்வளவும் பார்த்த பிறகும் அந்த நிறம் போகலையா? திருத்தாதீங்க. கேமராவைக் கீழ வச்சுட்டு, எதைப் படம் எடுத்தீங்களோ அதைப் போய் நேரா, பகல்ல பாருங்க. கேமரா பொய் சொல்லலையோ என்னவோ.

2014ல அமெரிக்காவுல வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்காரங்க, போன் கேமராவை வச்சே குழந்தையோட மஞ்சளை அளக்க முடியுமான்னு 'பிலிகேம்'னு ஒண்ணு உருவாக்கினாங்க. படிச்சதும் முதல்ல சிரிப்பு வந்துச்சு, அப்புறம் கண்ணுல தண்ணி. அவங்க என்ன பண்ணினாங்க தெரியுமா? புள்ளை மேல நிறங்கள் அச்சடிச்ச ஒரு அட்டையை வச்சுட்டுப் படம் எடுத்தாங்க. வெளிச்சம் எதுவா இருந்தாலும் அட்டையோட நிறம் தெரிஞ்ச நிறம், அதை வச்சு புள்ளையோட நிறத்தைக் கணக்குப் போடலாம். ஆச்சி விரிச்ச வேட்டி!

ஆச்சி 2011ல போயிட்டாங்க. அன்னிக்கு முற்றத்துல வச்சு அவங்க என்னை ஒரு வார்த்தை குத்திக் காட்டல. அதுக்கப்புறமும் இல்ல. நானும் வாய் திறந்து ஒரு மன்னிப்புக் கேட்கல. ஊருக்குப் போறப்போ எல்லாம் "ஆச்சி, ஒரு படம் எடுக்கட்டுமா"ன்னு கேப்பேன். "பல்பப் போடாதீங்க, முத்தத்துக்கு வாங்க"ம்பாங்க. அவ்வளவுதான் எங்களுக்குள்ள.

இதெல்லாம் சொல்லி முடிச்சதும் மக கொஞ்ச நேரம் பேசாம அந்த மூணு படத்தையும் மாத்தி மாத்திப் பார்த்தா. முற்றத்துல எடுத்த நாலாவது படம் அந்த சிடியில இல்ல. அது எங்க போச்சுன்னு எனக்கே தெரியல. ரோஜாப்பூ படத்தைத்தான் எடுத்துக்குவான்னு நினைச்சேன். மஞ்சள் படத்தைத் தன் போனுக்கு மாத்திக்கிட்டா.

"இதையாப்பா நீ தப்புன்னு நினைச்ச?"ன்னு கேட்டா.

ஆமாம்மா. அதைத்தான்.